போனில் படம் ஓடினால் போதுமா? கட்டட சைட் கேமரா தேவைப்படும் நாளில் கைவிடுவது ஏன்?

பெங்களூருவில் வேலை. சொந்த ஊர் வெள்ளகோவில். அப்பா, அம்மாவுக்காக ஊரில் வீடு கட்டுகிறார் ஓர் ஐடி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் நாலு கேமரா. மதிய உணவு இடைவேளையில் போனை எடுத்தால் கொத்தனார் பூசுவது தெரிகிறது, மணல் லாரி வருவது தெரிகிறது. நிம்மதி.

வயரிங் வேலை தொடங்கிய வாரத்தில் காலை 8 மணிக்கு மேஸ்திரியிடமிருந்து போன் வருகிறது.

“தம்பி, நாலு காயில் ஒயரைக் காணமுங்க. நேத்து சாயந்திரம் எண்ணித்தான் உள்ள வெச்சமுங்க.”

“பரவாயில்லீங்ண்ணா, கேமரா இருக்குதுங்கல்ல. பாத்துடலாம்.”

ஆப்பைத் திறந்து முந்தைய இரவைத் தேடினால் மாலை 6.10-க்குப் படம் நின்றுவிட்டது. மீண்டும் தொடங்குவது காலை 7.50-க்கு. அதற்கு முந்தைய இரவும் அப்படியே. மூன்று வாரமாக எல்லா இரவும் அப்படியே. சாயந்திரம் வேலை முடிந்ததும் யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் கேமராவும் அதே லைனில் இருந்தது. வீட்டுக்காரர் பார்த்ததெல்லாம் பகலில், கரண்ட் இருக்கும் நேரத்தில்.

இனி நடப்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. முதல் சந்தேகம் வாட்ச்மேன் மேல் விழும். அடுத்து, ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் மேல். அவர்கள் எடுக்கவில்லை என்று காட்டவும் பதிவு இல்லை. வேறு யாரோ எடுத்தார்கள் என்று காட்டவும் பதிவு இல்லை.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் கட்டட சைட் கேமரா செயலிழப்பது பெரும்பாலும் இப்படித்தான். கேமரா கெட்டுப்போவதில்லை. அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று மாறிவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

கொங்கில் கேமரா ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது?

கரூருக்கும் காங்கயத்துக்கும் நடுவே, திருச்சி – கோவை சாலையில் இருக்கிறது வெள்ளகோவில். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, விசைத்தறி என்று தொழில் நடக்கும் ஊர். ஊருக்குள் வீடுகள் நெருக்கமாக இருந்தாலும், ஊரைத் தாண்டினால் தோட்டங்களுக்கு நடுவே தனித்தனிச் சாளைகள்தான். புது வீடும், குடோனும், மில் ஷெட்டும் எழும்புவதும் பெரும்பாலும் இந்தத் தனி இடங்களில்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருப்பதில்லை.

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. சிவகிரி, வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊர். இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தோட்டத்து வீட்டுப் பாதுகாப்பு என்பது வெறும் பேச்சு இல்லை. வீடு கட்டத் தொடங்கும்போதே கேமராவும் வந்துவிடுகிறது. வீடு முடிந்ததும் அதே கேமராவை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் வீட்டில் மாட்டிய கேமராவும் சைட்டில் மாட்டிய கேமராவும் ஒன்றல்ல. வீடு மாறாது. சைட் வாரா வாரம் மாறும்.

சைட்டில் என்னதான் மாறுகிறது?

பேஸ்மட்டம் போடும்போது மாட்டிய கேமரா முழு மனையையும் காட்டும். லிண்டல் மட்டத்துக்குச் சுவர் வந்ததும் பாதி மனை மறைந்துவிடும். சாரம் கட்டினால் கண்ணுக்கு நேரே ஒரு சவுக்குக் கம்பு நிற்கும். ரூஃப் காங்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் அடித்தால், கேமராவுக்குத் தெரிவது வெறும் பலகையும் ஜாக்கியும்தான்.

காக்க வேண்டிய பொருளும் மாறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் கம்பியும் சிமென்டும். நடுவில் சென்ட்ரிங் ஷீட். கடைசியில் காப்பர் ஒயர், மோட்டார், குழாய் ஃபிட்டிங்ஸ். முதலில் சொன்னவை வெளியில் கிடக்கும். கடைசியில் சொன்னவை கட்டடத்துக்குள் ஒரு அறையில் இருக்கும். கம்பி கிடந்த இடத்தையே கேமரா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒயர் அறைக்குக் காவல் இல்லை.

அதனால் சைட் கேமராவுக்குக் காலண்டர் மட்டும் போதாது. வேலையின் கட்டத்தையும் பார்க்க வேண்டும். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு, வயரிங் என ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் “இப்போது விலை உயர்ந்த பொருள் எங்கே இருக்கிறது? அங்கே போகும் வழி எந்தக் கேமராவில் தெரிகிறது?” என்று கேட்டு, தேவையென்றால் கேமராவை நகர்த்த வேண்டும். இதற்கு முதலிலேயே ஒரு வழி செய்துகொள்ளலாம். சுவரில் மாட்டாமல் மனையின் மூலையில் தனி இரும்புக் கம்பம் நட்டு மாட்டினால் கட்டடம் வளர வளரத் தொல்லை குறையும். கேபிளைக் கொஞ்சம் கூடுதல் நீளம் விட்டுச் சுருட்டி வைத்தால் நகர்த்துவதும் எளிது.

காற்று, தூசி, சிலந்தி: லென்ஸுக்கு என்ன ஆகிறது?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று கொங்குப் பகுதியில் பலமாக வீசும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கம்பத்தில் மாட்டிய கேமரா ஆடாமல் இருக்குமா? கேமரா கொஞ்சம் ஆடினாலும் படம் முழுக்க நகரும். பக்கத்து வேப்ப மரத்தின் நிழல் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்தையும் ‘நடமாட்டம்’ என்று எடுத்துக்கொண்டு ஆப் ஒரு அலெர்ட் அனுப்பும். ஒரு நாளில் இருநூறு அலெர்ட் வந்தால் யாராக இருந்தாலும் நோட்டிஃபிகேஷனை மியூட் செய்துவிடுவார்கள். அந்த ஐடி ஊழியரும் அதைத்தான் செய்திருப்பார். மியூட் ஆனது மர நிழல் அலெர்ட் மட்டுமல்ல. ‘கேமரா ஆஃப்லைன்’ என்று தினமும் மாலை வந்திருக்கக்கூடிய அலெர்ட்டும்தான்.

தீர்வு மியூட் அல்ல. கம்பத்தை ஆடாமல் இறுக்குவது முதல் வேலை. அடுத்து, ஆப்பில் மரம், சாலை போன்ற பகுதிகளை விட்டுவிட்டு வாசல், பொருள் அறை ஆகியவற்றை மட்டும் கோடு போட்டுத் தேர்வு செய்யலாம். மனிதர், வாகனம் ஆகியவற்றை மட்டும் பிரித்தறியும் வசதி இருந்தால் அதை இயக்கலாம். அலெர்ட் குறைந்தால்தான் அலெர்ட்டுக்கு மதிப்பு.

அடுத்தது தூசி. சாதாரண மண் தூசி துடைத்தால் போகும். சிமென்ட் தூசி அப்படியல்ல. அதில் ஈரம் பட்டால் இறுகிவிடும். ரூஃபுக்குத் தண்ணீர் விட்டு ஆற்றும் நாட்களில் இந்த இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. அதன் மேல் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் சிமென்ட் துகளே உப்புத்தாள் போல லென்ஸ் மூடியைக் கீறிவிடும். முதலில் ஊதும் பம்பால் தூசியை ஊத வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல் துடைக்க வேண்டும். பூச்சு வேலை, டைல்ஸ் அறுக்கும் வேலை, பெயின்ட் ஸ்பிரே நடக்கும் நாட்களில் பக்கத்துக் கேமராவுக்குப் பகலில் ஒரு கவரைப் போட்டுவிடலாம். மாலை கிளம்பும்போது அதை எடுக்க மறக்கக் கூடாது.

இரவில் இன்னொரு சிக்கல். கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு வலை இழை இருந்தாலும் விளக்கு அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். பகலில் அதே கேமரா பளிச்சென்று தெரியும். பகலில் மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

மழை விஷயத்தில் ஐபி66, ஐபி67 என்ற எண்களைப் பார்த்து வாங்குவது வழக்கம். முதல் 6 தூசி உள்ளே புகாது என்பதற்கு. இரண்டாவது எண் தண்ணீருக்கு: 6 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் சிறிது நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் இந்த உறுதி கேமராவின் உடலுக்குத்தான். அதன் வாலில் தொங்கும் கேபிள் இணைப்புக்கு அல்ல. தண்ணீர் புகுவது பெரும்பாலும் அங்கேதான். இணைப்பைத் தண்ணீர் புகாத டப்பாவுக்குள் வைத்து, கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். தண்ணீர் கேபிள் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கரண்ட்தான் பாதிப் பிரச்சினை

சைட்டில் இருப்பது தற்காலிக மின் இணைப்பு. ஒரே போர்டில் வைப்ரேட்டர், கம்பி அறுக்கும் மெஷின், வெல்டிங், மோட்டார் எல்லாம் ஓடும். பெரிய மெஷின் ஆன் ஆகும்போது வோல்டேஜ் இறங்கும். ரெக்கார்டர் அணைந்து மீண்டும் தொடங்கும். ஒரு நாளில் பத்து முறை இப்படி நடந்தால் முதலில் அடி வாங்குவது அதற்குள் சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்.

மூன்று விஷயங்கள் இதில் பெரிய வித்தியாசம் தரும்.

ஒன்று, தனி லைன். கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் தனி எம்சிபி போட்டு, அதன் மேல் ‘கேமரா லைன் – அணைக்கக் கூடாது’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும். மேலே சொன்ன வீட்டில் இந்த ஒரு ஸ்டிக்கர் இருந்திருந்தால் மூன்று வார இரவுகள் பதிவாகியிருக்கும்.

இரண்டு, யுபிஎஸ். நாலு கேமரா, ரெக்கார்டர், ரௌட்டர் எல்லாம் சேர்த்து சுமார் 50 வாட்ஸ் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் இதை ஒரு மணி நேரத்துக்குள்தான் தாங்கும். அதன் வேலை இரவு முழுவதும் ஓட்டுவதல்ல. வோல்டேஜ் ஏறி இறங்குவதிலிருந்து காப்பதும், சின்னச் சின்ன கரண்ட் கட்டைக் கடப்பதும்தான். அதன் பேட்டரி ஓரிரண்டு வருடத்தில் சோர்ந்துவிடும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று, இடி. சித்திரை, வைகாசியின் கோடை இடியும், ஐப்பசி மழையின் இடியும் திறந்த வெளியில் நிற்கும் இரும்புக் கம்பத்துக்கு ஆபத்து. நேரடியாக இடி விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்புக் கேபிள் வழியாக வரும் மின் அலை கேமராவையும் ரெக்கார்டரையும் ஒன்றாகக் காலி செய்துவிடும். முறையான எர்த், அதோடு சர்ஜ் பாதுகாப்புக் கருவி வேண்டும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போனால் சிக்னலும் தாங்காது. பெரிய மில் சைட்டில் தூரத்துக் கேமராவுக்கு ஃபைபர் கேபிள் இழுப்பது இரண்டு பிரச்சினையையும் தீர்க்கும். ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்சாரம் அதன் வழியே பாயாது.

கரண்டே இல்லாத தோட்டத்து மனையில் சோலார் பேனலும் 4ஜி சிம்மும் உள்ள கேமரா வைக்கிறார்கள். அங்கே சோலார் பேனல் மேல் படியும் தூசியும், டேட்டா பேக்கும்தான் பராமரிப்பு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நாள் முழுக்கப் படம் அனுப்பினாலே ஒரு நாளைக்கு 10 ஜிபி தாண்டும். அதனால் இவை உள்ளே உள்ள மெமரி கார்டில் பதிந்துகொண்டு, நடமாட்டம் இருக்கும்போது மட்டும் தகவல் அனுப்பும். ரீசார்ஜ் தேதி மறந்துபோனால் அலெர்ட் வராது. கேமராவையே திருடிவிட்டால் மெமரி கார்டும் அதோடு போய்விடும். எட்டாத உயரத்தில் மாட்டுவது இங்கே அழகுக்காக அல்ல.

எத்தனை நாள் பதிவு இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 நொடி. 4-ஐ 86,400-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 43,200 மெகாபைட். அதாவது ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 172 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாளுக்குள் நிறைந்துவிடும். நிறைந்ததும் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதத் தொடங்கும்.

ஹெச்.265 என்ற சுருக்க முறைக்கு மாற்றி நொடிக்கு 2 மெகாபிட்டாகக் குறைத்தால் அதே டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். 4 டெராபைட் டிஸ்க் போட்டால் 46 நாள்.

இது ஏன் முக்கியம்? சைட்டில் பொருள் குறைவது அன்றைக்கே தெரிவதில்லை. கம்பி எடை, சிமென்ட் மூட்டை எல்லாம் பில் போடும்போதுதான் எண்ணிப் பார்க்கப்படும். பதினைந்து நாள் கழித்துக் குறைவு தெரிந்து, பதிவு ஆறு நாளுக்குத்தான் இருந்தால் கேமரா இருந்தும் பயனில்லை. குறைந்தது 30 நாள் பதிவு நிற்கும்படி டிஸ்க் வாங்குவது நல்லது. அதுவும் கம்ப்யூட்டர் டிஸ்க் அல்ல. இருபத்து நாலு மணி நேரமும் எழுதுவதற்கென்றே வரும் கண்காணிப்பு டிஸ்க்.

டிஸ்க் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தமிழ்நாடு மறக்க முடியாத ஓர் உதாரணம் உண்டு. அது கட்டட சைட் அல்ல, காவல் நிலையம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரிழந்தனர். அங்கே விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில் சிசிடிவி பற்றியும் எழுதினார். ஹார்டு டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. தேவையான நாளின் பதிவு இல்லை.

கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, இடமும் இருந்தது. மெனுவில் ஒரே ஒரு செட்டிங் எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்கியது. வீட்டு சைட்டில் அந்தச் செட்டிங்கை யாரும் வேண்டுமென்றே மாற்ற வேண்டியதில்லை. ரெக்கார்டரை ரீசெட் செய்துவிட்டு யாரும் பார்க்காமல் விட்டாலே போதும்.

அதே 2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காவல் நிலையங்களில் சிசிடிவி வைக்க விரிவான உத்தரவு பிறப்பித்தது. 18 மாதம் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்றது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, கேமரா ஓடுகிறதா, பழுதா என்று பார்க்கும் பொறுப்பை நிலையப் பொறுப்பு அதிகாரி என்ற ஒரே நபரின் மேல் வைத்தது. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடவில்லை.

சைட் கேமராவுக்கு யார் பொறுப்பு?

பணம் கொடுத்தது வீட்டுக்காரர். மாட்டியது கேமரா கடைக்காரர். கரண்ட் இருப்பது மேஸ்திரி கையில். இரவில் பக்கத்தில் இருப்பது வாட்ச்மேன். நாலு பேருக்கும் பொதுவான பொருள் என்பதால் யாருக்கும் சொந்தமில்லை. “போன்ல தெரியுதுங்களே” என்று ஒருவர். “கடைக்காரர் பாத்துக்குவாருங்க” என்று இன்னொருவர்.

அதனால் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது சில கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குவது நல்லது. பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? சரிசெய்யும் வரை மாற்றுக் கேமரா உண்டா? வேலையின் கட்டம் மாறும்போது கேமராவை நகர்த்தித் தருவது ஒப்பந்தத்தில் சேருமா, தனிக் காசா? முதன்மைப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்?

கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. 2016-ல் ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவற்றை வைத்து அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மருத்துவமனையின் கேமரா பதிவுகளே இணையத்தில் வெளியாகின. பெண் நோயாளிகளின் காட்சிகள் அவை. இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சோதனையில் தேறிய கேமராவுக்கும் எளிதில் ஊகிக்கும் பாஸ்வேர்டை வைத்தால் பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிட்ட கதைதான்.

முதன்மைப் பாஸ்வேர்டு வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும். மேஸ்திரி, இஞ்சினியர், அப்பா ஆகியோருக்கு ஆப்பில் உள்ள ‘ஷேர்’ வசதி மூலம் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். கான்ட்ராக்டர் மாறினால் அன்றைக்கே அவருடைய உரிமையை நீக்கிவிட வேண்டும்.

தொழிலாளர் ஷெட் பக்கம் கேமராவைத் திருப்பலாமா?

கூடாது. சைட்டிலேயே குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த ஷெட்தான் வீடு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் குளிக்கும் இடம். பெண்களின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். திருட்டைத் தடுக்க வைத்தது என்ற விளக்கம் அங்கே நிற்காது. கேமராவை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் புதுக் கோணத்தில் ஷெட்டும் குளியல் இடமும் விழுகிறதா என்று பார்ப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு போர்டு வைத்துவிட்டால் மறைவு ஏதும் இல்லை.

கேமரா தொழிலாளருக்கு எதிரானது என்ற எண்ணமும் மாற வேண்டியதுதான். தமிழர்கள் பலர் கட்டட வேலை செய்யும் சிங்கப்பூரில், 50 லட்சம் சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் ஆபத்தான வேலை நடக்கும் இடங்களில் கேமரா வைப்பது 2024 ஜூன் 1 முதல் கட்டாயம். அங்கே நோக்கம் திருட்டைப் பிடிப்பதல்ல. விபத்தைத் தடுப்பதும், நடந்துவிட்டால் காரணத்தைத் தெரிந்துகொள்வதும்.

பதிவு கிடைத்துவிட்டது. போலீஸில் கொடுப்பது எப்படி?

முதல் வேலை, அதை அழியாமல் எடுத்து வைப்பது. பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் என்பதால் தாமதம் கூடாது. ரெக்கார்டரிலிருந்து பென்டிரைவில் அப்படியே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். போன் திரையை இன்னொரு போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தகவல் சொல்ல உதவும், ஆதாரமாக நிற்பது கடினம். சம்பவ நேரத்தை மட்டும் வெட்டாமல் முன்னும் பின்னும் சேர்த்து எடுப்பது நல்லது.

2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலை ஆதாரமாகக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமின் 63-வது பிரிவும் அதையே கேட்கிறது. சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்று கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. கருவி ஒழுங்காக இயங்கியது என்பதையும், கோப்பின் ‘ஹேஷ்’ எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும்.

‘கருவி ஒழுங்காக இயங்கியது’ என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்தான் பராமரிப்பு நோட்டு கைகொடுக்கும். இந்தத் தேதியில் லென்ஸ் துடைத்தோம், இந்தத் தேதியில் டிஸ்க் மாற்றினோம் என்று எழுதி வைத்தவருக்குக் கை நடுங்காது.

அதில் மிகவும் கவனிக்க வேண்டியது கடிகாரம். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சில கருவிகள் சீன நேரத்தில், அதாவது எட்டு மணி நேரம் முன்னால் செட் ஆகி வரும். மாற்றாமல் விட்டால் இரவு 11.30-க்கு நடந்தது மறுநாள் அதிகாலை 2 மணி என்று பதிவாகும். அந்த நேரத்தில் சைட்டிலேயே இல்லாத ஒருவர் மேல் பழி விழ இந்த இரண்டரை மணி நேரம் போதும். நேரம் தவறாக இருப்பது பின்னால் தெரிந்தால் பதிவைத் திருத்த முயலக் கூடாது. போன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தினமும் இரண்டு நிமிடம்: ஆப்பில் லைவைப் பார்க்காமல், பிளேபேக்கில் போய் முந்தைய நாள் இரவு 2 மணிக்கு ஒவ்வொரு கேமராவிலும் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கரண்ட் போனது, டிஸ்க் நின்றது, சிலந்தி வலை, கோணம் மாறியது, நேரம் தவறியது என்று பெரும்பாலான கோளாறுகள் இந்த ஒரு பார்வையிலேயே பிடிபட்டுவிடும். இதை பெங்களூருவிலிருந்தும் செய்யலாம், துபாயிலிருந்தும் செய்யலாம்.

வாரம் கால் மணி நேரம்: சைட்டில் ஒருவர் லென்ஸைத் துடைத்து, இணைப்பு டப்பா, கேபிளில் எலிக் கடி, ஜேசிபி இழுத்த தடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏணி போட்டு ஏறும் வேலை இது. மழையிலும் பலத்த காற்றிலும் வேண்டாம். கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

மாதம் ஒரு முறை: எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று மிகப் பழைய தேதியைத் தேடிப் பார்ப்பது, யுபிஎஸ் சோதனை, கடிகாரம், பாஸ்வேர்டு யார் யாரிடம் என்ற பட்டியல்.

வேலை அடுத்த கட்டத்துக்குப் போகும்போது: கோணம்.

இவ்வளவு செய்தாலும் கேமரா யாருடைய கையையும் பிடித்துத் தடுக்காது. பொருள் அறைக்கு நல்ல பூட்டும், சாயந்திரம் எண்ணி எழுதும் நோட்டும் கேமராவுக்கு முன்னாலேயே வர வேண்டும். கேமரா செய்யக்கூடியது, நடந்தது என்ன என்று சொல்வது மட்டும்தான். ஆனால் அந்த ஒரு வேலை நடக்காதபோது நஷ்டம் நாலு காயில் ஒயரோடு நிற்பதில்லை. எட்டு மாதம் மழையிலும் பனியிலும் சைட்டைக் காத்த வாட்ச்மேன், ஒரு காலையில் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டியவராக நிற்கிறார். அவர் தூங்கினாரா, எடுத்தாரா, ஒன்றுமே அறியாதவரா என்று சொல்ல வேண்டிய பெட்டி, சாயந்திரம் 6.10-க்கே கண்ணை மூடிவிட்டிருக்கிறது.

அதனால் இன்று இரவு தூங்குவதற்கு முன் லைவைப் பார்க்க வேண்டாம். நேற்று இரவு 2 மணி இருக்கிறதா என்று பாருங்கள்.